மரியாதைக் காமாலை

கண்டாக்கு சிவசாமி ஐயா பற்றவைத்த சிகரெட்டைப் பாதியில் தூக்கி எறிந்தார் என்ற செய்தி, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டு கலைவதற்குள், கூலியாட்கள் குடியிருக்கிற எல்லா லயங்களுக்கும் போய்விட்டது. மலையில் வேலை வாங்கும் உத்தியோகஸ்தர் அவர். தேயிலைத் தோட்டத்துக்கு வந்த நாள்முதல் அவர் வாயில் சிகரெட் இல்லாத கோலத்தை யாரும் பார்த்ததில்லை. ஆட்களைத் திட்டும்போதுகூட அதை எடுக்கமாட்டார்; உதட்டின் ஓரத்துக்குத் தள்ளிவைத்துக்கொண்டுதான் திட்டுவார். அப்படிப்பட்டவர் “சீ, நாறுது” என்று சொல்லித் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் எறிந்திருக்கிறார்.

கோயிலுக்கு நேர்ந்துகொண்டார் என்றார்கள் சிலர். கண்டாக்கு அம்மா கடைசியில் ஜெயித்துவிட்டார் என்றார்கள் சிலர். தோட்டத்து டிஸ்பென்சர் சண்முகராஜா மட்டும் கவலைப்பட்டார். நன்றாகப் புகைக்கிற ஆளுக்குத் திடீரென்று புகை குமட்டினால் கண்ணைப் பார் என்று அவருடைய பாடப்புத்தகத்தில் இருந்தது.

சண்முகராஜா, தலவாக்கலைக் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தம்பையாவின் மகன். மருந்து கலக்கவும் காயம் கட்டவும் கொழும்பில் படித்துச் சான்றிதழ் வாங்கியவர். டாக்டர் அல்ல. தோட்டத்தில் எல்லோரும் ‘டாக்டரய்யா’ என்று கூப்பிட்டார்கள். முதலில் மறுத்துப் பார்த்தார். பிறகு பழகிக்கொண்டார். அதற்கும் பிறகு, அப்படிக் கூப்பிடாவிட்டால் அவருக்குக் காது கேட்பதில்லை.

“கொஞ்சம் மேல பாருங்க, கண்டாக்கையா.”

“மேல என்னய்யா இருக்கு?”

“கூரைதான் இருக்கு. கண்ணப் பாக்கணும்.”

கண்ணின் வெள்ளை பழைய வேட்டியின் நிறத்துக்கு வந்திருந்தது.

“சிறுநீர் என்ன நெறமாப் போகுது?”

“பிளேன்டீ மாதிரி.”

“பெரட்டுக் களத்துல குடுக்கிற பிளேன்டீயா?”

“அது வெறும் வெந்நி. நான் சொல்றது நம்ம வீட்டுத் தேத்தண்ணி.”

ஒரு நோயாளி தன் நோயை இவ்வளவு துல்லியமாகச் சொல்லிச் சண்முகராஜா கேட்டதில்லை. ஒரு போத்தலில் பிடித்துவரச் சொல்லிக் குலுக்கிப் பார்த்தார். நுரையும் மஞ்சளாக இருந்தது. ஈரலில் அழற்சி, ஊர்ப்பேச்சில் மஞ்சள் காமாலை. மருந்து என்று எதுவும் கிடையாது. படுத்திருக்க வேண்டும், குளுக்கோஸ் குடிக்க வேண்டும், எண்ணெயும் சாராயமும் ஆகாது. நோய் தானாக வந்தது போலத் தானாகப் போய்விடும். இப்படிச் சொன்னால் யாரும் மதிக்கமாட்டார்கள் என்பதால் ஒரு ரோஸ்நிற மிக்ஸ்சரும் கொடுத்தனுப்பினார்.

அடுத்து வந்தவர் பள்ளிக்கூட மாஸ்டர் முத்துலிங்கம். கையில் வாழையிலைப் பொட்டலம் இருந்தது.

“என்ன மாஸ்டர், பலகாரமா?”

“சோறு. ராத்திரியெல்லாம் என் சிறுநீர்ல ஊறப்போட்டு எடுத்தது. பாருங்க, மஞ்சளாயிருச்சு. காமாலையேதான்.”

“எனக்குப் போத்தலே போதுமே, மாஸ்டர்.”

“உங்க சாட்சி உங்களுக்கு. என் சாட்சி எனக்கு.”

இரண்டு சாட்சிகளும் ஒன்றையே சொல்லின. பிறகு ஃபெக்டரியில் தேயிலை பதம் பார்க்கிற டீமேக்கர், கோயில் ஐயர், ஆபீஸ் கிளாக்கர் என்று வரிசையாக மஞ்சளானார்கள். லயத்து ஆட்களில் ஒருவருக்குக்கூட வரவில்லை. கொழுந்து பறிக்கிற பெண்களின் கண்கள், கவ்வாத்து வெட்டுகிற ஆண்களின் கண்கள், எல்லாம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன.

இப்படியொரு விஷயம் தோட்டத்துக்குப் புதிது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கொக்கிப்புழு எல்லாமே இதுவரை லயத்தில் தொடங்கி லயத்திலேயே முடிந்தன. முதன்முதலாக ஒரு நோய் பதவி பார்த்து வந்திருக்கிறது. ஒரே வாரத்தில் காமாலைக்கு ஒரு கௌரவம் ஏற்பட்டுவிட்டது. சில்லறைக் கங்காணி மூக்கன், தான் இருபது ஆட்களுக்கு மேலாளாக இருந்தும் தன் கண் வெளுப்பாகவே இருக்கிறதே என்று மனம் நொந்து மருந்துக் காம்பராவுக்கு வந்தார்.

“நல்லாப் பாருங்க டாக்டரய்யா. இந்த ஓரத்துல லேசா இல்ல?”

“இல்ல, மூக்கன்.”

“வெளிச்சம் பத்தல போல.”

“வெளிச்சம் போதும். உங்களுக்கு ஒண்ணுமில்ல.”

மூக்கன் அவமானப்பட்டவரைப் போல எழுந்து போனார்.

சண்முகராஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கென்று ஒரு பயம் இருந்தது. இந்த ஈரல் அழற்சி இரண்டு வகை என்று படித்திருந்தார். ஒன்று வாய் வழியாக வருவது: நோயாளியின் மலத்திலிருந்து தண்ணீருக்கும் கைக்கும் ஈக்கும் போய், அங்கிருந்து அடுத்தவர் வாய்க்குப் போவது. மற்றது ஊசி வழியாக வருவது: ஒருவருக்குப் போட்ட ஊசியைச் சரியாகக் கொதிக்கவைக்காமல் அடுத்தவருக்குப் போட்டால் இரத்தத்தோடு போவது. லயத்து ஆட்களுக்கு அவர் கொடுப்பது மிக்ஸ்சர். உத்தியோகஸ்தர்களுக்குப் போடுவது விட்டமின் ஊசி. மிக்ஸ்சர் குடித்தால் உத்தியோகஸ்தருக்கு மரியாதை இல்லை. அந்த ஊசியைக் காலையில் ஒருதரம் கொதிக்கவைப்பார். மத்தியானத்துக்குள் அது எத்தனை பெரிய மனிதர்களைச் சந்தித்தது என்பது ஊசிக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

இரண்டு இரவுகள் தூங்காமல் யோசித்தார். ஊசிக் காமாலை தலைகாட்ட இரண்டு மூன்று மாதமாவது ஆகும். வாய்க் காமாலைக்கு ஒரு மாதம் போதும். ஊசி போடத் தொடங்கியே ஒரு மாதம்தான் ஆகிறது. அது மட்டுமல்ல, கண்டாக்கையா ஊசியைக் கண்டாலே தலைசுற்றி உட்கார்ந்துவிடுவார். இதுவரை ஒன்றுகூடப் போட்டுக்கொண்டதில்லை. ஆக, ஊசி இல்லை. சண்முகராஜா மூன்றாம் இரவு நன்றாகத் தூங்கினார். காலையில் எழுந்து, இனி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஊசியைக் கொதிக்கவைப்பது என்று முடிவெடுத்தார். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

வாய் வழி என்றால், எதன் வழி? அதற்கு விடை பெரிய கங்காணி இராமையாவிடம் இருந்தது.

“காளியாயிதான்,” என்றார் கங்காணி, பெரிய தொரையின் ஆபீஸ் வாசலில் நின்று. “பெரட்டுக் களத்துல தேத்தண்ணி ஊத்துறாளே, அவ. தேத்தண்ணியில என்னமோ கலக்குறா தொரை. கூலியாளுக்கு ஒண்ணுமில்ல. பெரிய மனுசங்களுக்கு மட்டும் காமாலை. கலக்காம எப்படி வரும்?”

கங்காணியின் கொழுந்தியாள் ஒருத்தி மலையில் ஏறமுடியாமல் மூட்டுவலியோடு இருந்தாள். உட்கார்ந்த இடத்தில் தேத்தண்ணி ஊற்றுகிற வேலை அவளுக்குப் பொருத்தமாக இருக்கும் என்பது கங்காணியின் அபிப்பிராயம். ஆனாலும் அவர் அதைத் தொரையிடம் சொல்லவில்லை. அவர் பேசியது பொதுநலம்.

சனிக்கிழமை விசாரணை, குற்றம் நிரூபணமானால் அன்றைக்கே பத்துச்சீட்டு என்று தொரை சொல்லிவிட்டார். பத்துச்சீட்டு என்றால் வேலையிலிருந்து நிறுத்திக் கொடுக்கிற துண்டு. அதைக் கையில் வாங்கினால் வேலையோடு லயத்துக் காம்பராவும் போய்விடும். அதில் ‘தேத்தண்ணியில் கலந்தவள்’ என்று காரணமும் எழுதியிருந்தால், நானுஓயாவிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் வரைக்கும் எந்தத் தோட்டமும் ஏற்றுக்கொள்ளாது.

காளியாயி மருந்துக் காம்பரா வாசலில் வந்து நின்றாள். நாற்பது வயது விதவை. குரல் மட்டும் இன்னும் குமரி.

“டாக்டரய்யா, நான் தேயிலைத் தூளும் சீனியும்தான் போடுறேன். அதுலயும் சீனி கம்மி. ஆபீஸ்ல குடுக்கிறதே கம்மி.”

“நீங்க கலக்கலன்னு எனக்குத் தெரியும்.”

“எப்புடித் தெரியும்?”

“கொதிக்கிற தண்ணியில இந்த நோய்க்கிருமி தங்காது. தேத்தண்ணிதான் இந்தத் தோட்டத்துலயே சுத்தமான பொருளு.”

“அப்ப அதத் தொரைகிட்டச் சொல்லுங்க.”

“சொல்றதுக்கு முன்ன, வேற எதுலேர்ந்து வந்திச்சின்னு கண்டுபிடிக்கணும்.”

“கண்டுபிடிக்காட்டி?”

சண்முகராஜா போத்தல்களை அடுக்கத் தொடங்கினார். காளியாயி கொஞ்சநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள்.

அவர் தேடினார். கோயில் பிரசாதமா? டீமேக்கர் கோயில் பக்கமே போவதில்லை. டவுன் தயிரா? ஐயருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளாது. ஈயா? ஈக்கள் லயத்திலும் பங்களாவிலும் பாரபட்சம் இல்லாமல் உட்கார்ந்தன. உத்தியோகஸ்தர் வீடுகளில் எல்லாம் அவருடைய உத்தரவுப்படி கொதித்தாறிய தண்ணீர். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை ஒன்றும் அகப்படவில்லை. சாப்பிட உட்கார்ந்தார். கருவாட்டுக் குழம்பின் வாசம் வந்தது. அவருக்கு மிகவும் பிடித்த குழம்பு. எழுந்து போய் வாசலில் வாந்தி எடுத்தார்.

போத்தலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் வந்தார். குலுக்கினார். நுரை மஞ்சள்.

அதைக் கண்டதும் அவருக்கு வந்தது துக்கம் அல்ல. தனக்கே வந்துவிட்டது என்றால், தான் எதைத் தின்றோம், எதைக் குடித்தோம் என்று யாரிடமும் விசாரிக்கத் தேவையில்லை. வீட்டில் இருபது நிமிடம் கொதித்த தண்ணீர். கைக்குச் சவர்க்காரம். வெளியில் ஒருவாய் தண்ணீர் கிடையாது. வெளியில் குடிப்பது ஒன்றே ஒன்று, நோயாளி பார்க்கப் போகிற லயங்களிலும் பெரட்டுக் களத்திலும் கொடுக்கிற தேத்தண்ணி. கொதிக்கக் கொதிக்க இறக்குவார்கள். அப்புறம் வீட்டுக்காரம்மா, “ஐயாவுக்குச் சுடும்ல,” என்று சொல்லி...

சண்முகராஜா போத்தலைக் கீழே வைத்தார்.

சொல்லி, செம்பிலிருந்து ஒரு கை பச்சைத்தண்ணீர் ஊற்றுவாள்.

எங்கள் தோட்டத்தில் அது சட்டம் மாதிரி. கொதிக்கிற தேத்தண்ணியைக் கூலியாள் தகரக் கோப்பையில் வாங்கி ஊதி ஊதிக் குடிப்பான். பெரிய மனிதர் ஊதக்கூடாது. கண்டாக்கு ஒருவர் நூறு பேர் பார்க்க உதட்டைக் குவித்துக்கொண்டு நின்றால், அதற்குப் பிறகு அவர் போடுகிற சத்தத்துக்கு யார் பயப்படுவார்கள்? ஆகவே பெரிய மனிதருக்குக் கொடுக்கிற தேத்தண்ணி குடிக்கிற பதத்தில் இருக்கவேண்டும். ஆற்றிக் கொடுக்க நேரம் ஏது? மலை ஊற்றிலிருந்து பீலியில் வடிகிற தண்ணீர் பக்கத்திலேயே குளிர்ந்து கிடக்கிறது. கங்காணி சொன்னது முழு உண்மை. காளியாயி கலக்கத்தான் செய்தாள். அவள் கலந்தது மரியாதை.

சனிக்கிழமை, தொரையின் ஆபீஸ். தொரை தமிழ் படித்தவர்; ஆட்களை ஏவுவதற்கு எவ்வளவு தமிழ் வேண்டுமோ அவ்வளவு.

“நீ டீயில என்னா போட்டது?” என்று காளியாயியைக் கேட்டார்.

“அவ ஒண்ணும் போடல சேர். பச்சத்தண்ணி ஊத்தினா,” என்றார் சண்முகராஜா. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் மஞ்சளாக இருந்தது. “அவ மட்டுமில்ல. எல்லா லயத்துலயும் ஊத்துறாங்க. பெரியவங்களுக்கு மரியாதைக்காக. கிருமி அந்தத் தண்ணியில இருக்கு.”

“அப்ப கூலியாளுக்கு ஏன் வரலை? அது பச்சத்தண்ணி நேரா குடிக்குது.”

“லயத்துல பொறந்து வளந்தவங்க சின்ன வயசுலேயே இந்தக் கிருமியக் குடிச்சிருவாங்க, சேர். புள்ளைங்களுக்கு அது லேசாக் காய்ச்சல் காட்டிட்டுப் போயிரும். சில புள்ளைக்குத்தான் கண்ணு மஞ்சளாகும். எப்படி வந்தாலும், ஒருதரம் வந்தவங்களுக்கு ஆயுசுக்கும் திரும்பி வராது. நாங்க டவுன்ல, ஊர்ல நல்ல தண்ணி குடிச்சி வளந்தவங்க. எங்களுக்குப் புதுசு.”

இராமையா கங்காணி தொண்டையைக் கனைத்தார். அந்த ஆபீஸில் கண் வெள்ளையாக இருந்த பெரிய மனிதர் அவர் ஒருவர்தான், தொரையைத் தவிர. தொரைக்குக் கொழும்பிலிருந்து ஏதோ தடுப்பு ஊசி தருவித்துப் போட்டாயிற்று. அது தொரைமாருக்கும் தொரைசானிமாருக்கும் போதுமான அளவுதான் நாட்டில் இருந்தது.

“தொரை, இது கதை. நானும் அதே தேத்தண்ணிதான் குடிக்கிறேன். எனக்கு ஏன் வரல?”

சண்முகராஜா அவரைப் பார்த்தார். “அதுக்கு ரெண்டு காரணந்தான் இருக்க முடியும், கங்காணி. ஒண்ணு, உங்களுக்கு யாரும் தண்ணி ஊத்தி ஆத்தித் தரல. கூலியாளுக்குக் குடுக்கிற மாதிரியே கொதிக்கக் குடுத்திருக்காங்க.”

“என்னாது?” கங்காணி காளியாயி பக்கம் திரும்பினார். “ஏ, சொல்லு. எனக்கு ஊத்தினியா இல்லையா?”

“ஊத்தினேன் கங்காணி. உங்களுக்குத்தான் எல்லாரையும்விட ஜாஸ்தி.”

“கேட்டுக்கிட்டீங்களா?” என்றார் கங்காணி தொரையிடம், நெஞ்சை நிமிர்த்தி. பிறகு சண்முகராஜாவிடம், “ரெண்டாவது என்னா?”

“ரெண்டாவது, உங்களுக்குச் சின்ன வயசுலேயே வந்திருக்கணும்.”

இராமையா கங்காணி திருச்சிப் பக்கம் பெரிய பண்ணையில் பிறந்தவர், சொந்த வண்டியில் மண்டபம் வரை வந்து கப்பலேறியவர் என்பது அவரே எங்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்த வரலாறு. அந்த வரலாற்றில் லயம் இல்லை, பீலி இல்லை. அவர் இரண்டு அவமானங்களையும் தராசில் வைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. லயத்துப் பிள்ளையாக இருப்பது ஒன்று. காளியாயி மதிக்காத ஆளாக இருப்பது ஒன்று. முதலாவது எப்போதோ நடந்தது. இரண்டாவது நாளைக் காலைப் பெரட்டில் தெரிந்துவிடும்.

மெதுவாகக் கோட்டைக் கழற்றினார். சட்டைக் கையை மேலே சுருட்டினார். முன்கையில், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்ட பழைய தழும்பு மூன்று கோடாகக் கிடந்தது. காமாலைக்கு லயத்தில் போடுகிற சூடு அது. வயதான ஆட்களில் சிலர் கையில் உண்டு.

“ஏழு வயசுல,” என்றார். “இதே தோட்டம். மேல் லயம். போதுமா?”

“போதும்,” என்றார் சண்முகராஜா.

தொரைக்கு விசாரணை பிடித்துப்போயிருந்தது. முன்னால் குனிந்தார். “சரி. தண்ணிதான் கெட்டது. அந்தத் தண்ணி எப்பிடி கெட்டது? இவ்ளோ வருஷம் இல்லாம இப்ப ஏன்?”

கிளாக்கர் தன் மஞ்சள் கண்ணால் தரையைப் பார்த்தார்.

“எப்பவும் கொஞ்சம் கெட்டுத்தான் இருந்திச்சி சேர். இப்ப ஜாஸ்தி. பீலிக்கு மேல புதுக் கக்கூசு வரிசை இருக்கு,” என்றார் சண்முகராஜா. “மழையில குழி நெறைஞ்சு, ஊத்துக்கண்ணுல எறங்குது.”

தோட்டத்துச் சுகாதார அபிவிருத்திக்காக அந்தக் கக்கூசுகளுக்கு இடம் பார்த்தவர் தொரை. போன சித்திரையில் நாடா வெட்டித் திறந்தவரும் அவரே. பெயர் போட்ட பலகை இன்னும் புதிதாக மின்னிக்கொண்டிருந்தது. தொரை ஜன்னல் வழியாக மலையைக் கொஞ்சநேரம் பார்த்தார். மலையும் அவரைப் பார்த்தது.

“இந்த விசாரணை முடிஞ்சது,” என்றார். “யார் மேலயும் பிழை இல்லை. பொம்பள வேலைக்குப் போறது.”

காளியாயி கும்பிட்டாள். யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாததால் மேசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

கக்கூசு வரிசை பூட்டப்பட்டது. பலகை மட்டும் இருந்தது. எல்லோரும் பழையபடி தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒதுங்கினார்கள். காமாலைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஐயர் கீழாநெல்லியை ஆட்டுப்பாலில் அரைத்துக் குடித்தவர். கீழாநெல்லிதான் காப்பாற்றியது என்றார். மாஸ்டர் மந்திரித்துக்கொண்டவர், வேப்பிலை என்றார். கண்டாக்கையா ரோஸ்நிற மிக்ஸ்சருக்கு நன்றி சொன்னார். ஒன்றுமே சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த கிளாக்கரும் அதே வாரத்தில்தான் எழுந்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

படுக்கையிலிருந்தபடியே சண்முகராஜா ஓர் உத்தரவு எழுதி அனுப்பியிருந்தார். இனி யாருக்கும் பச்சைத்தண்ணீர் ஊற்றித் தேத்தண்ணி கொடுக்கக்கூடாது. எல்லோருக்கும் ஒரே சூடு. தேறி வந்த முதல் நாள், பெரட்டுக் களத்தில் கண்டாக்கையாவுக்குக் காளியாயி கொதிக்கிற கோப்பையை நீட்டினாள். நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கோப்பையைப் பார்த்தார், நூறு பேரையும் பார்த்தார், பிறகு பங்களாப் பக்கம் ஏதோ அவசர வேலை இருப்பதுபோல முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் ஏறி இறங்கியது. எங்கிருந்து பார்த்தாலும் ஊதுகிற தோள்தான்.

இராமையா கங்காணி அப்படித் திரும்பவில்லை. கோட்டுக் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு வந்தார். இப்போதெல்லாம் சுருட்டியபடியேதான் வருகிறார்.

“எனக்குப் பச்சத்தண்ணி ஊத்து. எனக்கு வராது. டாக்டரய்யாவே தொரை முன்னால சொல்லியாச்சு. இந்தத் தோட்டத்துல தண்ணி ஊத்திக் குடிக்கிற தகுதி எனக்கு மட்டுந்தான்.”

காளியாயி செம்பைச் சாய்த்தாள். அவர் ஊதாமல், ஒரே மடக்கில், எல்லோரும் பார்க்கக் குடித்தார். கண்டாக்கையா பார்க்காததுபோல இருந்தார்.

ஆட்கள் மலைக்கு ஏறிய பிறகு சண்முகராஜா தேத்தண்ணிக் கொட்டகைக்கு வந்தார். இன்னும் நடை தள்ளாடியது.

“என்ன காளியாயி இது? காமாலை வராதுன்னுதான் சொன்னேன். அந்தத் தண்ணியில டைஃபாய்டு இருக்கு, சீதபேதி இருக்கு. ஊத்தாதீங்கன்னு எழுதித்தானே அனுப்பினேன்.”

“ஊத்தாட்டி கங்காணி விடுவாரா? ஊத்தி அவருக்கு வயித்தால போச்சுன்னா, பத்துச்சீட்டு யாருக்கு வரும்? தண்ணிக்கா வரும்?”

“அதான் கேக்குறேன்.”

காளியாயி அடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு பானையை இழுத்துக் காட்டினாள். மேலே துணி கட்டியிருந்தது.

“ராத்திரியே கொதிக்கவச்சு ஆறப்போட்டது. அவருக்கு இதத்தான் ஊத்துறேன்.” குரலைத் தணித்துக்கொண்டாள். “கங்காணிகிட்டச் சொல்லிராதீங்க டாக்டரய்யா. பச்சத்தண்ணின்னு நெனச்சுத்தான் குடிக்கிறாரு. கொதிச்ச தண்ணின்னு தெரிஞ்சா, கண்டாக்கையாவுக்கும் குடுன்னு சொல்லிருவாங்க. அப்புறம் கங்காணிக்கு என்ன மரியாதை?”